ஒரு நாள் ரெண்டு நாள் வெளியூர் போறப்ப அந்த ஊரு சாப்பாட்டைப் பிடிக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸ் வேலை, கல்யாணம், பரீட்சை, கோர்ட்டு கேஸ்னு ஒரு நாள் ரெண்டு நாளுக்கு தெரியாத ஊருக்குப் போறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். டூருக்குன்னே ஒரு வாரம் போறவங்களுக்கு ஒரு வேளை சரியில்லைன்னா அடுத்த வேளை இருக்கு. நமக்கு இருக்கறதே மூணு வேளை, மிஞ்சிப்போனா அஞ்சு வேளை, அதுலயும் ஒரு வேளை லாட்ஜ்ல ஃப்ரீயா குடுக்குற பிரட்டு ஆம்லெட்டுல போயிடும்.

ஊர்ல எறங்கினதும் முதல்ல என்ன தேடணும்? நல்ல ஹோட்டல் எதுன்னுதானே?

இல்லங்க. ஹோட்டலைத் தேடறதுக்கு முன்னாடி நேரத்தைத் தேடுங்க. எந்த ஊரா இருந்தாலும் அந்த ஊருக்குன்னு பேர் வாங்கின ஐட்டத்துக்கு ஒரு நேரம் இருக்கும், அந்த நேரத்துக்கு முன்னாடி போனாலும் கிடைக்காது பின்னாடி போனாலும் கிடைக்காது. திருநெல்வேலில நெல்லையப்பர் கோயில் எதிர்ல இருக்குற இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறப்பாங்க, கொஞ்ச நேரத்துல அல்வா தீர்ந்துடும், காலைல போய் நின்னா பூட்டின கதவைத்தான் பாக்கணும். ஹைதராபாத் பழைய சிட்டில நிஹாரியும் (ராத்திரி பூரா மெதுவா வேகவச்ச கறிக் குழம்பு) பாயாவும் விடிகாலை சாப்பாடு, பத்து மணிக்கு மேல எந்திரிச்சுப் போய் கேட்டா பிரியாணி இருக்குன்னு சொல்லுவாங்க. அமிர்தசரஸ்ல குல்ச்சா (உள்ள மசாலா வச்சு தந்தூர்ல சுடுற ரொட்டி) கடைங்க மதியத்தோட கட்டிடுவாங்க. இந்தூர்ல சராஃபா பஜார் பகல்ல நகைக்கடைத் தெரு, கடைங்க ஷட்டர் போட்டதுக்கு அப்புறம் அதே வாசல்ல சாப்பாட்டுக் கடை விரிப்பாங்க, நடுராத்திரி தாண்டியும் ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனவங்க "அங்க ஒண்ணுமே இல்லையே"ன்னு திரும்பி வந்துடுவாங்க.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்லயோ போன்லயோ விடிகாலை, காலை டிபன், மதியம், சாயங்காலம், ராத்திரின்னு எழுதிக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் நேரா அந்த ஊர்ல என்ன சாப்பிடுவாங்கன்னு ஒரே ஒரு ஐட்டம் எழுதுங்க. கடை பேரு அப்புறம். இது நிரம்பிடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

அது எப்படி நமக்குத் தெரியும்? யூடியூப் பாத்தா போதுமா?

யூடியூப் பாருங்க, ஆனா கடைக்காக பாக்காதீங்க, ஐட்டத்துக்காகவும் நேரத்துக்காகவும் பாருங்க. வீடியோல வந்த கடைல அடுத்த மாசத்துலேர்ந்து கூட்டம் எகிறிடும், அவசரத்துல பக்குவம் மாறிடும், அதே தெருவுல நாலு கடை தள்ளி அதே ஐட்டத்தை நிதானமா போடுறவங்க இருப்பாங்க.

வீடியோவை விட நல்ல வழி அந்த ஊர்க்காரங்க ஒருத்தரைப் பிடிக்கிறது. ஆபீஸ்ல, அப்பார்ட்மென்ட்ல, பழைய காலேஜ் குரூப்புல தேடினா யாராவது இருப்பாங்க. அவங்ககிட்ட "உங்க ஊர்ல எது ஃபேமஸ்"னு கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்ச பேரைத்தான் சொல்லுவாங்க. "சின்ன வயசுல ஞாயித்துக்கெழம உங்க அப்பா என்ன வாங்கிட்டு வருவாங்க", "ஊருக்குப் போனா முதல் நாள் எங்க போய் சாப்பிடுவீங்க"ன்னு கேளுங்க, முகமே மாறிடும், கடை இருக்குற சந்து, அங்க பரிமாறுற அண்ணன், எத்தனை மணிக்குப் போகணும், எதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு எல்லாம் தானா வரும்.

ஒரு ஊரை எடுத்து முழுசா சொல்லுங்களேன்?

மதுரையை எடுத்துக்கலாம், ஏன்னா ஒரே நாள்ல இவ்ளோ நேரத்துக்கு இவ்ளோ சாப்பாடு வச்சிருக்குற ஊரு நம்ம பக்கத்துல வேற இல்லன்னு நான் உறுதியா நம்புறேன்.

ராத்திரி பஸ்ல வந்து விடிகாலைல எறங்குறீங்கன்னு வைங்க. நேரா ரூமுக்குப் போய் படுக்காம பருத்திப்பால் விக்கிற வண்டி எங்கன்னு கேளுங்க. பருத்திக் கொட்டையை ஊறவச்சு அரைச்சு பால் எடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு சுக்கு, ஏலக்காய் சேத்து காய்ச்சுறது, வெறும் வயித்துல சூடா குடிச்சா பஸ்ல வந்த அலுப்பு போயிடும். சாயங்காலத்துலயும் வண்டி போடுவாங்க. காலை டிபனுக்கு இட்லியும் பொங்கலும், கோயிலைச் சுத்தி இருக்குற வீதிங்கள்ல எங்க உக்காந்தாலும் நாலு வகை சட்னியாவது வரும். மதியம் அசைவம் சாப்பிடுறவங்களா இருந்தா மெஸ்ஸுக்குப் போங்க, அயிரை மீன் குழம்பு இருக்கான்னு முதல்ல கேளுங்க. விரல் நீளம்கூட இல்லாத ஆத்து மீன், உயிரோட வாங்கி முழுசா அப்படியே குழம்புல போடுறது, விலை கொஞ்சம் அதிகம்தான், தினமும் கிடைக்கும்னும் சொல்ல முடியாது, கிடைச்சா விட்டுடாதீங்க. கூட கோலா உருண்டை ஒரு ரெண்டு.

மூணு நாலு மணி வெயில்ல விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேல ஐஸ்க்ரீம். சென்னைல இதே பேர்ல எத்தனையோ கடை இருக்கு, இருந்தாலும் இங்க பாலை சுண்டக் காய்ச்சுற பக்குவமே தனி. ராத்திரிதான் இந்த ஊருக்கு உண்மையான நேரம், அதனால சாயங்காலம் பஜ்ஜி வடைன்னு வயித்தை ரொப்பிக்காதீங்க. கறி தோசைக்கு கோனார் மெஸ் பேரு பெருசு, கீழ தோசை, மேல முட்டை, அதுக்கு மேல கறி சுக்காவை அப்படியே அழுத்தி விட்டு கல்லுல திருப்பிப் போடுறது, ஒண்ணு சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிடும். அதையும் தாண்டி பசி இருந்தா பரோட்டா கல்லு சத்தம் கேக்குற பக்கம் நடங்க.

இதுல பாருங்க, எங்கயும் ஏசி ரெஸ்டாரண்ட் வரல, பெரிய செலவும் வரல. அந்தந்த நேரத்துக்கு அந்தந்த இடத்துல நின்னதுதான்.

லாட்ஜ் ரிசப்ஷன்ல கேட்டா ஏன் எப்பவும் ஒரே மாதிரி இடம் சொல்றாங்க?

அவங்க மேல தப்பில்ல. நீங்க வெளியூரு, ஃபேமிலியா இருப்பீங்க, பாத்ரூம் சுத்தமா இருக்கணும், பார்க்கிங் வேணும், புகார் வரக்கூடாதுன்னு நினைச்சு பாதுகாப்பான பதிலைச் சொல்றாங்க. "நல்ல ஹோட்டல் எது?"ன்னு யாரைக் கேட்டாலும் இந்த பதில்தான் வரும். கேள்வியை மாத்துங்க: "அண்ணே, நீங்க இன்னிக்கு மதியம் எங்க சாப்பிட்டீங்க?" ரூம் கிளீன் பண்ற அக்கா, வாட்ச்மேன் ஐயா, லாட்ஜுக்கு எதுத்தாப்ல டீ போடுற மாஸ்டர், மெடிக்கல் ஷாப் தம்பி, இவங்கெல்லாம் தினமும் அதே ஏரியாவுல காசு குடுத்து சாப்பிடுறவங்க. ஆட்டோ டிரைவர்கிட்ட கேக்கறதா இருந்தா சவாரி பேசறதுக்கு முன்னாடி கேக்காதீங்க, எறங்கி காசு குடுத்ததுக்கு அப்புறம் கேளுங்க, அப்பதான் எங்கயும் கூட்டிட்டுப் போற நோக்கம் இல்லாம மனசுல இருக்கறதைச் சொல்லுவாரு. ரெண்டு பேரு தனித்தனியா ஒரே கடையைச் சொன்னா வேற யோசனையே வேண்டாம், போயிடுங்க.

கூகுள் மேப்ஸ் ரேட்டிங்கை நம்பலாமா?

ஸ்டாரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அறுபது பேரு போட்ட 4.9-ஐ விட ஆறாயிரம் பேரு போட்ட 4.1 எனக்கு பெருசு. ரிவ்யூவை புதுசு மேல வர்ற மாதிரி மாத்தி வச்சுப் படிங்க, மாஸ்டர் மாறியிருந்தா கடைசி ரெண்டு மாச ரிவ்யூல தெரிஞ்சிடும். அந்த ஊரு பாஷைல எழுதினவங்களோடதை மொழிபெயர்த்துப் படிங்க, அவங்கதான் திரும்பத் திரும்ப போறவங்க. முக்கியமா ஒரு ஸ்டார் ரிவ்யூவைப் படிங்க. "ஏசி இல்ல", "உக்கார இடம் இல்ல", "ஒன்றரை மணிக்குப் போனேன், தீர்ந்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க"ன்னு திட்டியிருந்தா அந்தக் கடைக்கு தைரியமா போங்க. "பழசை சூடு பண்ணிக் குடுத்தாங்க", "சாப்பிட்டு வயிறு சரியில்ல"ன்னு ரெண்டு மூணு பேரு எழுதியிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. போட்டோவுல மெனு போர்டு இருக்கும், அதைப் பெருசு பண்ணிப் பாத்தா விலையும் தெரியும், என்ன ஸ்பெஷல்னும் தெரியும்.

தேடுறப்ப "பெஸ்ட் ரெஸ்டாரண்ட்"னு அடிக்காம ஐட்டம் பேரை அடிங்க. சேலத்துல "தட்டுவடை செட்", விருதுநகர்ல "எண்ணெய் பரோட்டா", கோயம்புத்தூர்ல "ரோட்டுக்கடை காளான்", சென்னைல பர்மா பஜார் பக்கம் "அத்தோ" (பர்மா நூடுல்ஸ்)ன்னு அடிச்சா மேப்பே வேற மாதிரி மாறிடும்.

எந்த ஏரியாவுல தேடினா மாட்டும்?

அதுவும் நேரத்தைப் பொறுத்துதான். விடிகாலைன்னா மார்க்கெட், மூட்டை தூக்குறவங்க வேலை முடிச்சு சாப்பிடுற இடம். காலை டிபனுக்கு கோயில் மாட வீதி, ரத வீதி. மதிய சாப்பாட்டுக்கு கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, பேங்க் இருக்குற தெரு, அங்க தினமும் அதே ஆளுங்க சாப்பிடறதால ஒரு நாள் சரியில்லன்னாகூட மெஸ்காரருக்கு பேரு போயிடும். ராத்திரிக்கு பஸ் ஸ்டாண்டும் சினிமா தியேட்டரும்.

கடை வாசல்ல நிக்கிறேன். உள்ள போலாமா வேணாமா?

மெனு சின்னதா இருந்தா போங்க. இட்லி, தந்தூரி, நூடுல்ஸ், ஃபலூடா எல்லாம் ஒரே கார்டுல இருந்தா அது அவசரத்துக்கு சாப்பிடுற இடம், தேடி வந்து சாப்பிடுற இடம் இல்ல. அப்புறம் பார்சல் வாங்க நிக்கிறவங்களைப் பாருங்க, தூக்குவாளியோ டிபன் கேரியரோ கையில இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்கன்னு அர்த்தம், இதை விட பெரிய சர்டிபிகேட் எனக்குத் தெரிஞ்சு கிடையாது. அடுப்பு வாசல் பக்கமே இருந்தா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, போட்டது போட்ட உடனே இலைக்குப் போகுதா, இல்ல அடுக்கி வச்சிருக்காங்களான்னு தெரிஞ்சிடும்.

எனக்கு வேலை முடியவே ரெண்டரை மூணு ஆயிடும், மதிய சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

இதுதான் நிறைய பேரோட உண்மையான பிரச்சனை. நல்ல மெஸ்ல ரெண்டு மணிக்கு மேல போனா குழம்பு அடி கலங்கி இருக்கும், முக்கியமான வறுவல் காலியாகி இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிரியாணியும் அப்படித்தான், முதல் அண்டா திறக்குற நேரத்துக்குப் போறதுதான் சரி, சீரக சம்பா அரிசி தனித்தனியா நிக்கும், கூட குடுக்குற கத்தரிக்காய் பச்சடியும் புதுசா இருக்கும். அதனால முடிஞ்சா பதினொண்ணரை பன்னெண்டுக்கே சாப்பிட்டுட்டு மீட்டிங் போங்க. முடியலன்னா மதியத்தை விட்டுடுங்க, ரெண்டு வாழைப்பழமும் மோரும் போதும், அஞ்சு மணிக்கு மேல அந்த ஊரு சாயங்கால ஐட்டத்துக்கு வயித்தைக் காலியா வச்சுக்கோங்க. ஆறிப்போன மீல்ஸை சாப்பிட்டு ராத்திரி பசியையும் கெடுத்துக்கறதுதான் பெரிய நஷ்டம்.

எந்த நாள், எந்த மாசம் போனா ஏமாந்துடுவோம்?

பெங்களூர்ல லால்பாக் பக்கம் இருக்குற எம்டிஆர் டிபன் ஹோட்டல் 1924-லேர்ந்து நடக்குது, திங்கக்கெழம லீவு. தோசைக்குப் பேர் போன பசவனகுடி வித்யார்த்தி பவன் 1943-ல ஆரம்பிச்சது, அங்க வெள்ளிக்கெழம லீவு. ஆபீஸ் ஏரியா மெஸ்ஸுங்க பல ஊர்ல ஞாயித்துக்கெழம பூட்டிடுவாங்க. புரட்டாசி மாசம் நம்ம ஊர்ல அசைவக் கடைங்க டல்லா இருக்கும், சனிக்கெழமன்னா இன்னும் மோசம். ரம்ஜான் நோன்பு மாசத்துல ஆம்பூர்லயோ கோழிக்கோட்டுலயோ பகல்ல பல கடைங்க திறக்க மாட்டாங்க, ஆனா அதே மாசம் ஹைதராபாத்ல சாயங்காலம் ஹலீம் (கறியும் கோதுமையும் குழைய வேகவச்சது) சட்டி தெருவுக்குத் தெரு வந்துடும். 2010-ல புவிசார் குறியீடு வாங்கின ஐட்டம் அது, அந்த மாசத்துல அங்க வேலை வந்தா சந்தோஷமா கிளம்புங்க.

மீனுக்காக போறவங்க ஒண்ணு கவனிங்க. தமிழ்நாட்டு கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. கேரளா பக்கம் ஜூன், ஜூலைல டிராலர் தடை. அந்த சமயத்துல நாட்டுப் படகு மீன் கொஞ்சம் வரும், மத்தபடி ஐஸ்ல வச்சதோ வேற கரைலேர்ந்து வந்ததோதான், விலையும் ஏறியிருக்கும். தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ மே மாசம் போனா "இன்னிக்கு வந்த மீன் எது"ன்னு கேட்டுட்டு அதை மட்டும் வாங்குங்க.

குளிர் காலத்துல வடக்க போறவங்களுக்கு ஒரு யோகம் இருக்கு. லக்னோ சௌக் பக்கம் விடிகாலைல மக்கன் மலாய்னு நுரையா ஒண்ணு விப்பாங்க, பாலைக் கடைஞ்சு எடுத்து குங்குமப்பூ போட்டது, வாயில வச்சா கரைஞ்சிடும், வெயில் ஏறினா நிக்காது. குளிர் மாசத்தைத் தவிர வேற எப்பவும் கிடைக்காது.

நான் சுத்த சைவம். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நல்லாவே பொருந்தும். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் போனா டிகிரி காபி மட்டும் குடிச்சுட்டு வந்துடாதீங்க, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கடப்பா இருக்கான்னு கேளுங்க, தினமும் போட மாட்டாங்க, இருந்தா இட்லிக்கு சாம்பாரே வேண்டாம்னு சொல்லிடுவீங்க. இந்தூர் சராஃபால கிட்டத்தட்ட எல்லாமே சைவம்தான், காலைல அந்த ஊர்ல போஹாவும் (அவல் உப்புமா மாதிரி) ஜிலேபியும் சேத்து சாப்பிடுவாங்க. பெங்களூர் விவி புரம் திண்டி பீதி, அதாவது சாப்பாட்டுக் கடைத் தெரு, சாயங்காலத்துக்கு. கொல்கத்தால மட்டும் கவனமா கேளுங்க, பருப்புலகூட மீன் தலை போட்டு சமைக்கிறது அங்க வழக்கம்.

பாஷை தெரியாத ஊர்ல எப்படி சமாளிக்கிறது?

பக்கத்து இலையைக் கைகாட்டுங்க, அது எல்லா ஊர்லயும் செல்லும். ஐட்டம் பேரை அந்த ஊரு எழுத்துலயே போன்ல சேவ் பண்ணி வச்சுக்கிட்டு காட்டினாலும் போதும். கொல்கத்தால பைஸ் ஹோட்டல்னு பழைய சாப்பாட்டுக் கடைங்க இருக்கு, அன்னன்னிக்கு என்ன மீன் என்ன கறின்னு போர்டுல எழுதிடுவாங்க, சோறு, பருப்பு, மீன் எல்லாத்துக்கும் தனித்தனி விலை, சில இடத்துல இலைக்கே தனியா காசு. போர்டைப் போட்டோ எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டா வேலை முடிஞ்சுது. அதே ஊர்ல டிரெட்டா பஜார்ல விடிகாலை சீன சமூகத்துக்காரங்க பாவோ (ஆவில வேகவச்ச பன்னு), மோமோ, சூப்புன்னு விப்பாங்க, ஞாயித்துக்கெழம நல்லா இருக்கும், எட்டு மணிக்கு மேல போனா பெருசா மிஞ்சாது.

தனியாத்தான் போறேன், நிறைய வகை சாப்பிட ஆசை, என்ன பண்ண?

ஹாஃப் கேளுங்க. ஒரே கடைல வயித்தை நிரப்பாதீங்க, அவங்க பெருமையா போடுற ஒண்ணை மட்டும் சாப்பிட்டு எந்திரிங்க, நடங்க, அடுத்த கடைக்குப் போங்க. பிரியாணி ஊருக்குப் போய் சூப்புலயும் சிக்கன் 65-லயும் ஆரம்பிக்கிறது வேண்டாம்.

பெண்கள் தனியா போனா ராத்திரி ஐட்டத்தையெல்லாம் விட்டுட வேண்டியதுதானா?

விட வேண்டியதில்ல, ஏழு ஏழரைக்கே போயிடுங்க, பரோட்டா கடையெல்லாம் அப்பவே ஆரம்பிச்சிடும், குடும்பமா வர்றவங்களும் அந்த நேரத்துலதான் இருப்பாங்க. சராஃபா மாதிரி இடத்துல நடுராத்திரியும் குடும்பங்கதான் கூட்டம். கூட்டமில்லாத சந்துக்கடைன்னா ரூமுக்கு பார்சல் வாங்கிக்கறது நல்லது, திரும்பி வர்றதுக்கு வண்டியை முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

வயிறு கெட்டுட்டா அடுத்த நாள் வேலை என்னாவது?

நியாயமான பயம். கண்ணு முன்னாடி கொதிக்கிறதையும் வேகுறதையும் சாப்பிடுங்க. வெட்டி வச்ச பழம், திறந்து வச்ச தேங்காய் சட்னி, எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாத ஐஸ், இதுங்களைத் தவிருங்க. தண்ணி பாட்டில் கையில இருக்கட்டும். பையில ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட் வச்சுக்கோங்க. முக்கியமான வேலை இருக்குற நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் புதுசா எதையும் ட்ரை பண்ணாம இட்லியோட படுத்துடுங்க, வேலை முடிஞ்ச சாயங்காலம் வச்சுக்கலாம் மத்ததெல்லாம்.

பேர் போன பழைய கடைக்குப் போறதா, சின்னக் கடைக்குப் போறதா?

நீங்க இருக்குற ஊர்ல அதுக்கு பிராஞ்ச் இருந்தா அங்க போய் ஒரு வேளையை செலவு பண்ணாதீங்க. திண்டுக்கல் தலப்பாக்கட்டி 1957-ல திண்டுக்கல்ல ஆரம்பிச்ச கடைதான், மரியாதைக்குரிய கடைதான், ஆனா இன்னிக்கு சென்னைலயே எத்தனையோ இடத்துல இருக்கு. திண்டுக்கல்ல ஒரே ஒரு மதியம் இருந்தா அந்த ஊர்ல மட்டும் இருக்குற பிரியாணிக் கடையைத் தேடிப் போறதுதான் என் கணக்கு.

கல்யாணத்துக்குத்தான் போறேன், வெளிய சாப்பிட வழியே இல்ல.

அப்ப நீங்கதான் அதிர்ஷ்டசாலி, கடைல வராத சாப்பாடு கல்யாண வீட்டுலதான் இருக்கு. திருநெல்வேலி பக்கம் சைவக் கல்யாணம்னா முகூர்த்தம் முடிஞ்சதும் பஸ் ஏறிடாதீங்க, மறுநாள் சொதி விருந்து இருக்கான்னு கேளுங்க. தேங்காய்ப் பால் மூணையும் தனித்தனியா எடுத்து, காய்ங்க, பாசிப்பருப்பு போட்டு, கடைசில எலுமிச்சம்பழம் புழிஞ்சு, கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் வச்சுப் போடுவாங்க, இதுக்காக ஒரு நாள் லீவு எக்ஸ்ட்ரா போடலாம். நாகர்கோவில் பக்கம்னா பிரதமனுக்கு (அந்தப் பக்கத்துப் பாயசம்) எலையில இடம் விட்டு வைங்க, ஒண்ணோட நிறுத்த மாட்டாங்க.

எறங்கவே நேரமில்ல, ரயில்ல தாண்டித்தான் போறேன்.

அதுலயும் வழி இருக்கு. திருச்சி திண்டுக்கல் நடுவுல மணப்பாறை முறுக்கு, மதுரை திருநெல்வேலி நடுவுல கோவில்பட்டி கடலை மிட்டாய், பெங்களூர் மைசூர் நடுவுல மத்தூர் வடை, மும்பை புனே நடுவுல கர்ஜத் வடாபாவ். ஜன்னல் பக்கம் சீட்டும் சில்லறையும் இருந்தா போதும்.

வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கினா அன்னிக்குக் கிண்டினதான்னு கேட்டு வாங்குங்க, வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வைங்க. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும்தான், காத்து பட்டா நமுத்துடும், காத்து புகாத டப்பா கையோட கொண்டு போங்க, பைக்கு அடில வச்சா பொடிப்பொடியா ஆயிடும். அல்வா நாள் தாங்கும். பரோட்டா சால்னா பார்சல் மட்டும் வாங்காதீங்க, அது அங்கயே, கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட வேண்டியது.